பெட்டி இங்கயே இருக்கட்டும்

அவர் கடைக்கு பேரிங் வாங்கப் போனால் பேரிங் மட்டும்தான் கைக்கு வரும். பெட்டி வராது. கேட்டாலும் தர மாட்டார்.

வாங்குகிற முறையே தனி. நம்பரைச் சொன்னதும் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து மேஜைமேல் வைப்பார். தானே பிரிக்க மாட்டார். “நீயே பிரி தங்கச்சி. நாளைக்கு அண்ணன் ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது” என்பார். பெட்டி வாயில் ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கரை நாம்தான் நகத்தால் கீறிப் பிரிக்க வேண்டும். உள்ளேயிருக்கும் பேரிங்கை வாங்கி, இரண்டு விரலைச் சேர்த்து அதன் துளைக்குள் விட்டு, மற்ற கையால் ஒரு சுற்றுச் சுற்றி நம் காதருகே கொண்டுவருவார். “கேக்குதா?” ஒன்றும் கேட்காது. “அதான். சத்தமே இல்ல பாரு. அதுக்குத்தான் நீ காசு குடுக்குற.” பிறகு எண்ணெய்த் தாளில் சுற்றி, அதன்மேல் பழைய பேப்பரைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பார். காலிப் பெட்டி மெதுவாக அவர் பக்கம் நகர்ந்துவிடும். “பெட்டி இங்கயே இருக்கட்டும். மெர்சி.”

அந்த ‘மெர்சி’ அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. எங்கள் ஊர் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது; அப்பா அவர்களிடம் வேலை பார்த்து பென்ஷன் வாங்கியவர். இவருக்கு பிரெஞ்சில் நன்றி என்கிற அந்த ஒரு வார்த்தைக்கு மேல் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அதை அவர் சொல்கிற விதத்தில், அவருக்கு நாம் ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி இருக்கும்.

முதல் தடவை நான் கேட்டேன், பெட்டியை ஏன் தர மாட்டேன் என்கிறீர்கள் என்று. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “வெளியில போற பெட்டி சும்மா இருக்காதும்மா. குப்பையில பொறுக்கி, அதுக்குள்ள டூப்ளிகேட்ட வெச்சி வித்துடுவானுங்க. பெட்டி நல்லாருக்குதேன்னு நீயும் வாங்கிடுவ. அதனால சாயங்காலம் கடைய மூடுறதுக்குள்ள எல்லாத்தையும் நானே கிழிச்சிடுவேன்.”

இந்த ஒரு பேச்சில் நான் கவிழ்ந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் கணவரிடம், இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு வியாபாரியா என்று ஒரு மணி நேரம் பேசினேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தேன்.

நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மசாலா அரைக்கிறேன். ஒரு மெஷினில் மிளகாய், ஒரு மெஷினில் மஞ்சளும் மல்லியும். ஏழு பெண்கள் பேக்கிங்கில் இருக்கிறார்கள். அரவை மெஷினில் சுழலும் தண்டான ஷாஃப்டை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டிருப்பது பேரிங்தான். அது இறுகினால் ஷாஃப்ட் சூடாகும், தூள் கருகும், அன்றைய சரக்கு போச்சு. ஆகவே என் பிழைப்பு முழுவதும் உள்ளங்கையில் அடங்குகிற நான்கு வளையங்களின்மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தது. மஞ்சள் அரைக்கிற கை என்பதால் என் விரல்கள் எப்போதும் மஞ்சளாகவே இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. அவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். “மங்களகரமான கைம்மா. காலையில முதல் போணி நீ பண்ணா அன்னிக்குக் கடைக்கு நல்ல நாளு.”

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் பேத்தியும் என் மகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அந்தக் குழந்தை என்ன செய்யும்? எஸ்டேட்டில் எல்லோரும் அவரை பேரிங் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நெல்லித்தோப்பில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கடை. முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கிரீஸ் கடைக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மதியம் ஒன்றரைக்கு ஷட்டர் இறங்கினால் நாலு மணிக்குத்தான் ஏறும். எங்கள் ஊரில் பாதிக் கடைகள் அப்படித்தான், அதில் யாருக்கும் அதிசயமில்லை. மனுஷன் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டரில் ஒவ்வொரு யூனிட்டாக வருவார். கூப்பிட வேண்டியதே இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக மெஷினிடம் போவார். பேரிங் இருக்கிற இடத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பார். “நான் குடுத்த பொருள் நல்லா ஓடணும்” என்று மெஷினைப் பார்த்துக் கும்பிடுவார். பேக்கிங் பெண்கள் அவரிடம் திருநீறு வாங்காத குறை.

ஒரு தடவை அவரிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். போனில் ஒரு ஆப்பில், வெளிநாட்டிலிருந்து ஒருவன் அதே நம்பர் பேரிங்கைப் பத்துப் பத்தாக விற்றுக்கொண்டிருந்தான். விலை, அண்ணன் சொல்வதில் பாதிகூட இல்லை. பேராசைதான், வேறென்ன. ஆர்டர் போட்டேன். மூன்று வாரம் கழித்து சாம்பல் நிற பிளாஸ்டிக் கவரில் வந்தது. பெட்டியெல்லாம் இல்லை, ஒவ்வொன்றும் மெல்லிய நைலான் பையில். பெரிய கம்பெனியின் பெயர் அதில் அச்சாகவே இருந்தது. பிரித்தால் கிரீஸில் கருவாடும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். மாட்டிய பத்தாம் நாளே கர்கர் என்றது. விற்றவனுக்கு எழுதினேன். ‘அன்புத் தோழியே, கவலை வேண்டாம்’ என்று பதில் வந்தது. திருப்பி அனுப்ப வேண்டுமானால் அனுப்புகிற செலவு உன்னுடையது என்றான். அப்புறம் பதிலே இல்லை. அந்தக் கடையே ஆப்பில் இல்லை.

மீதியை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேஜைமேல் தொப்பென்று போட்டார். “மூஞ்சி தெரியாதவன்கிட்ட போய் பொருள் வாங்குவியா? நாளைக்கு அவன எங்க போய்க் கேப்ப? கப்பல் ஏறிப் போவியா?” கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. திட்டி முடித்ததும் குரலைத் தணித்து, “எந்த ஆப்பு அது? காட்டு பாப்போம்” என்றார். காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விலையை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். இந்த ஊரில் இன்னும் யார் யார் ஏமாறப் போகிறார்களோ என்று கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். “இதயெல்லாம் இங்கயே போட்டுட்டுப் போ, ஸ்கிராப்புல போட்டுக்கறேன்” என்றார். போட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவரைத் தவிர வேறு யாரிடமும் ஒரு நட்டுகூட வாங்கவில்லை.

இப்போது தனசேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தனசேகர் என் யூனிட்டின் ஃபிட்டர். மில் மூடியபோது வெளியே வந்தவர். என்னிடம் சேர்ந்து பதினோரு வருஷம். அதிகம் பேச மாட்டார். பேசுகிற கொஞ்சமும் மெஷினைப் பற்றியதாகத்தான் இருக்கும். நான் யூனிட் தொடங்கிய முதல் வருஷம் சம்பளம் தள்ளிப் போனபோது, ஒரு வார்த்தை கேட்காமல் வந்து வேலை செய்தவர்.

ஒரு வருஷத்தில் மூன்று தடவை பேரிங் போனது. அண்ணன் கடைப் பேரிங். மூன்று தடவையும் அண்ணன் முகம் சுளிக்கவில்லை. “பழசக் கொண்டா, மாத்தித் தரேன்.” அவ்வளவுதான். பில் கேட்கவில்லை, காசு கேட்கவில்லை. கெட்டுப்போனதை வாங்கிப் போட்டுக்கொண்டு புதுப் பெட்டியை மேஜைமேல் வைப்பார். “நீயே பிரி.” எந்தக் கடைக்காரன் இப்படிச் செய்வான், சொல்லுங்கள். மூன்றாவது தடவை பழசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சொல்லக் கூடாதுன்னு பாத்தேன் தங்கச்சி. பேரிங்கு மேல தப்பில்ல. மாட்டுற கை மேல தப்பு. சுத்தியால தட்டி ஏத்துறான் போல இருக்குது. உன் ஆளு வயசானவன்தானே?”

வந்து தனசேகரிடம் கேட்டேன். “பதினோரு வருஷமா நான் சுத்திய வெச்சித் தட்டி நீங்க பாத்திருக்கீங்களா மேடம்?” என்றார். பார்த்ததில்லை. ஆனால் நான் பார்க்காத நேரத்தில் தட்டியிருக்கலாமே என்று என் மனசு சொன்னது. ஒரு சந்தேகத்தை உள்ளே விட்டால் அது நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

நாலாவது தடவை மிளகாய் மெஷினில். காலை பதினோரு மணி இருக்கும். ஷாஃப்ட் இறுகி, பெல்ட் புகைந்து, உள்ளேயிருந்த மிளகாய் கருகியது. மிளகாய்ப் புகை எப்படி என்று தெரியும்தானே? பேக்கிங் பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒருத்தி வாசலிலேயே மயங்கி விழுந்தாள். பக்கத்து யூனிட், அதற்கடுத்த யூனிட் என்று எஸ்டேட்டே தும்மிக்கொண்டு ரோட்டில் நின்றது. தனசேகர்தான் வாயில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் மெயினை அணைத்தார். அவர் வெளியே வந்தபோது கண் இரண்டும் இரத்தமாக இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

“பிரிச்சுப் பாக்கலாம் மேடம். மேல இருக்குற தகட்ட நெம்பி எடுத்துட்டு ஒரு தடவ உள்ள பாருங்க” என்றார்.

“அண்ணன் ஏற்கெனவே பாத்துட்டாரு. உங்க கைதான் காரணம்னு சொல்லிட்டாரு.”

அந்த மெஷினிலிருந்த இரண்டு பேரிங்கையும் கழற்றி அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன். ஒன்றுதான் கடைக்குப் போனது. “ரெண்டு குடுத்தேன், ஒண்ணுதான் வந்திருக்குது?” என்று அண்ணன் கேட்டார். அவர் அப்படி விடாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. தனசேகரிடம் விசாரித்தேன். “ஒடஞ்சி போச்சி மேடம், தூக்கிப் போட்டுட்டேன்” என்றார். பார், தப்பை மறைக்கிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மறுநாள் கணக்கை முடித்து அனுப்பிவிட்டேன். போகும்போது ஸ்பேனர்களையெல்லாம் துடைத்து, அளவுப்படி வரிசையாகப் பெட்டியில் அடுக்கிவிட்டுப் போனார். காரணத்தை எஸ்டேட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் நானே சொன்னேன். அதனால் யாரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. சேதராப்பட்டுப் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். ‘பாவம்’ என்று சொன்னேன். சொன்னதோடு சரி.

புது ஃபிட்டர் வந்தான். கெட்டிக்காரன். பத்து மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அண்ணன் சொன்னது எவ்வளவு சரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பதினோராம் மாதம் மஞ்சள் மெஷின் கர்கர் என்றது.

வழக்கம்போல பழசை எடுத்துக்கொண்டு போனேன். வழக்கம்போல பெட்டி மேஜைக்கு வந்தது. “நீயே பிரி.” ஸ்டிக்கர் நன்றாக ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினேன். மூடியைத் தூக்கினேன். மூடியின் உட்பக்கத்தில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

இப்போதுதான் நம் கை பட்டதோ என்று விரலைப் பார்த்தேன். என் கட்டைவிரல் இன்னும் வெளிப்பக்கம்தான் இருந்தது. உள்ளே இருந்த கறை காய்ந்து மங்கியிருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு. சின்ன வயதில் அரிவாள்மனையில் வெட்டிக்கொண்ட தழும்பு என் வலது கட்டைவிரலில் உண்டு. மஞ்சள் படாத இடமாக அந்தத் தழும்பு அட்டையில் வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. ஸ்டிக்கர் ஒட்டி மூடியிருந்த பெட்டிக்குள் நான் எப்போதோ போய்விட்டு வந்திருக்கிறேன்.

பேரிங்கை எடுத்து மூக்கருகே வைத்தேன். கருவாடும் மண்ணெண்ணெயும்.

அவர் பேரிங்கை வாங்கிச் சுற்றுவதற்காகக் கையை நீட்டியபடி இருந்தார். நான் கொடுக்கவில்லை. பெட்டியைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, என் கட்டைவிரலையும் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அவர் ஏதாவது பொய் சொல்ல வேண்டும் என்று அந்த நிமிஷம் நான் ஆசைப்பட்டேன், உண்மையாகவே. நம்பத் தயாராக இருந்தேன்.

“வேற யார்கிட்டயாச்சும் சொன்னியா?” என்றார்.

“எத்தன நாளா அண்ணா?”

“நானும் ஏமாந்தவன்தாம்மா” என்றார். குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது. “எல்லாரும் போனத் தூக்கிட்டு வந்து நெட்டுல இந்த வெலதான்னு மூஞ்சில காட்டுறாங்க. நீயும்தான் காட்டுன. சரி, நாமளே வரவழைப்போம்னு போட்டேன். சாம்பிள் நல்லா அனுப்பனான். நம்பி மொத்தமா எடுத்தா, மூட்ட மூட்டயா குப்ப. கேட்டா பதிலே இல்ல. அவ்ளோத்தையும் என்னா பண்ணச் சொல்ற? கடல்ல கொட்டவா?”

“அதனால மதியத்துல ஷட்டரப் போட்டுட்டு, நாங்க பிரிச்சுட்டுப் போன பெட்டியில அடைச்சு, புது ஸ்டிக்கர் ஒட்டினீங்களா?”

மேஜைமேல் கிடந்த எண்ணெய்த் தாளை எடுத்து மடித்தார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

“மூஞ்சி தெரியாதவன்கிட்ட வாங்காதன்னு நீங்கதானே சொன்னீங்க. உங்க மூஞ்சியப் பாத்துத்தானே வாங்குனேன்.”

“சரி விடு தங்கச்சி. நல்லதா எடுத்து மாத்தித் தரேன்” என்று அலமாரிப் பக்கம் எழுந்தார். எத்தனையோ தடவை எனக்கு இதமாக இருந்த அதே சொல், அதே குரல்.

“தனசேகர எப்படி மாத்தித் தருவீங்க?”

திரும்பிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். “யாரும்மா அது?”

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கடையிலிருந்து நான் வெளியே கொண்டுவந்த ஒரே பெட்டி அதுதான்.

எஸ்டேட்டில் இரண்டு பேரிடம் சொன்னேன். “அவரா? சும்மா இருங்கம்மா. கெட்டுப்போனா காசு வாங்காம மாத்தித் தர்ற மனுஷன்” என்றார்கள். அவர்களை என்ன சொல்வது, போன வாரம்வரை நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜைச் சந்தனம் மெஷினில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் துணியால் துடைக்கும்போது ஒரு கேள்வி வந்தது. அவர் அதை வைத்துக் கும்பிட்ட அன்றைக்கு உள்ளே ஓடியது எது? எந்த நாளிலிருந்து எல்லாம் பொய் என்று தெரிந்தால்கூட அதற்கு முந்தைய நாட்களையாவது வைத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லாமல் செய்துவிட்டார்.

மறுநாள் காலை சேதராப்பட்டுக்குப் போனேன். தனசேகர் வாட்ச்மேன் சட்டையில், கேட் அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்தப் பழக்கம் போகவில்லை. பெட்டியைக் காட்டினேன், விரலைக் காட்டினேன், நடந்ததையெல்லாம் சொன்னேன். தப்புப் பண்ணிவிட்டேன், திரும்பி வந்துவிடுங்கள் என்றேன். அழுதும்விட்டேன்.

அவர் பெட்டியை வாங்கி அந்தக் கறையைப் பார்த்தார். “இந்தக் கறைய நம்புறீங்க மேடம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பெட்டியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “வேலைக்கு வரல மேடம். இங்க பழகிடுச்சி” என்றார்.

பிறகு கேட்டை ஒட்டியிருந்த அவருடைய சின்ன அறைக்குள் போய், பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்தார். ரப்பர் பேண்ட் இற்றுப்போய், தொட்டதும் அறுந்து விழுந்தது. உள்ளே ஒரு பேரிங். மிளகாய் மெஷினிலிருந்து கழற்றி, உடைந்துபோனதாகச் சொன்ன அந்த இரண்டாவது பேரிங்.

“அவரு கைக்குப் போனா திரும்பி வராதுன்னுதான் ஒளிச்சி வெச்சேன். அன்னிக்கே மூடித் தகட்ட நெம்பி எடுத்துட்டேன். ஒரிஜினலா இருந்தா இந்த நம்பருக்கு உள்ள ஒம்போது இரும்புக் குண்டு இருக்கணும். யாராச்சும் வந்து கேப்பாங்க, காட்டலாம்னு இருந்தேன். இத்தன மாசத்துல யாரும் கேக்கல.”

யாரோ கார் ஹாரன் அடித்தார்கள். அவர் கேட்டைத் திறக்கப் போனார். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி, மஞ்சள் விரலால் ஒவ்வொரு குண்டாகத் தொட்டு எண்ணினேன். எட்டுதான் இருந்தது. எண்ணி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.